தலைசிறந்த கேட்பாளர்

குடிநீர் வழங்கல் துறையில் யாரும் யாரிடமும் ஒழுங்காகப் பேசுவதில்லை என்பதை மேலிடம் ஒரு நாள் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கதை இதுதான். மேலிடம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது, பதில் வரவில்லை. ஏன் பதில் வரவில்லை என்று கேட்டு இன்னொன்று அனுப்பியது. அதற்கும் பதில் இல்லை. சரி, முதலில் என்னதான் கேட்டோம் என்று கோப்பைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தால், அதில் எதுவுமே கேட்கப்படவில்லை. இருந்தாலும் பதில் வராதது வராததுதானே. ஆகவே தொடர்பாற்றல் மேம்பாட்டுப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கினார்கள்.

புதிய பிரிவுக்கு அலுவலகத்திலேயே பெரிய அறை ஒதுக்கப்பட்டது. ஓர் இயக்குநர் வந்தார். அவருக்குக் கீழே ஓர் இரைச்சல் அலுவலர், ஒரு பின்னூட்ட எழுத்தர். அதுவரை அந்த அறையில் உட்கார்ந்து பொதுமக்களின் புகார்களைக் கேட்டுக்கொண்டிருந்த பெண்மணியை மாடிப்படிக்குக் கீழே மாற்றிவிட்டார்கள். அங்கே அவருக்கு நாற்காலி இருந்தது. எதிரே வந்து நிற்பவருக்குத்தான் இடம் இல்லை.

இதெல்லாம் வால்வுக்காரருக்கு முதலில் தெரியாது. ஒன்பது தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. ஆள் உயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவார். தெருமுனையில் உள்ள குழியின் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டுத் திருகுவார். திருகி முடித்ததும், குழிக்குள் ஓடும் பழைய இரும்புக் குழாயில் சாவியால் ஒரு தட்டுத் தட்டுவார். அரை பர்லாங் தள்ளி இருக்கும் பம்ப் அறையில் மோட்டார் ஓட ஆரம்பிக்கும்.

ஒரு தட்டு என்றால் திறந்தாயிற்று, மோட்டாரைப் போடு. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. மூன்று தட்டு என்றால் டீ குடிக்க வரட்டுமா. இந்த மூன்றுக்கு மேல் ஒரு குடிநீர்த் துறைக்குச் சொல்ல வேண்டியது எதுவும் இருப்பதாக இருபத்திரண்டு வருடத்தில் அவருக்குத் தோன்றியதில்லை.

பம்ப் அறையில் இருப்பவரை எல்லோரும் மோட்டார் அண்ணன் என்பார்கள். மூன்று பெரிய மோட்டார்களுக்கு நடுவே முப்பத்தொரு வருடம் நின்றவர். அதில் முதல் பன்னிரண்டு வருடத்திலேயே காது போய்விட்டது. ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் தொலைபேசி மணி போனது. பிறகு மனைவியின் குரல் போனது. கடைசியாக மோட்டார் சத்தமும் போனது. போன அன்று, மூன்று மோட்டாரும் நின்றுவிட்டதென்று பதறியடித்து ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தாராம். அன்றிலிருந்து குழாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே வேலை பார்க்கிறார். எதிரே நின்று நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முகத்தைத் திருப்பிக்கொண்டால் தீர்ந்தது.

இது அவர் மனைவிக்கும் வால்வுக்காரருக்கும் மட்டும் தெரியும். அலுவலகத்தில் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். மேலதிகாரிகள் பம்ப் அறைக்கு வருவார்கள், மோட்டாரைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிடம் பேசுவார்கள், இவர் தலையாட்டுவார், போய்விடுவார்கள். பத்தொன்பது வருடமாக அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. காது விஷயம் வெளியே தெரிந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று இருவருக்கும் தெரியும். "வீட்டுக்குப் போய் என்னடா பண்ணுவேன்? இந்த மோட்டார விட்டா எனக்குப் பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா?" என்பார் அண்ணன். அதனால் வால்வுக்காரர் இந்த விஷயத்தில் வாயே திறப்பதில்லை.

இப்படிப்பட்ட நேரத்தில்தான் பயிற்சி வந்தது. ஒரு மாதத்துக்குள் எல்லா ஊழியர்களும் திறன்மிகு தொடர்பாளர் சான்றிதழ் பெற வேண்டும். பெறாதவர்கள் பழைய மீட்டர் கிடங்குக்கு மாற்றப்படுவார்கள். தகுதியற்ற பெறுநர் என்று கண்டறியப்படுபவர்கள் உடனடியாகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்கள். கடைசி வரியை வால்வுக்காரர் இரண்டு முறை படித்தார்.

முதல் வகுப்பில் இயக்குநர் வெள்ளைப் பலகையில் ஆறு பெட்டிகள் வரைந்தார். அனுப்புநர், செய்தி, ஊடகம், இரைச்சல், பெறுநர், பின்னூட்டம். பெட்டிகளுக்கு நடுவே அம்புக்குறிகள். வரைந்துவிட்டு ஓரடி பின்னால் போய் அழகு பார்த்தார்.

"மனுஷங்க ஆயிரக்கணக்கான வருஷமா பேசிட்டிருக்காங்க. ஆனா சரியா பேசினாங்களான்னா, இல்ல. ஏன்னா இந்தப் படம் அவங்ககிட்ட இல்ல. இப்ப நான் அனுப்புநர். நீங்க எல்லாரும் பெறுநர். தொடர்புங்கிறது ரெண்டு பக்கமும் நடக்கணும். அதனால நான் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் குறுக்க பேசக் கூடாது. சந்தேகம் இருந்தா கடைசியில கேக்கலாம். கடைசி எப்பன்னு நான் சொல்றேன்."

வால்வுக்காரர் கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்தோடு விட்ட பழக்கம், எப்படித் தூக்கினார் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஐயா, கேக்குறவரு பதில் சொன்னாருன்னா, அப்ப அவரும் அனுப்புநர்தானே?"

இயக்குநர் புன்னகை மாறாமல் சொன்னார். "நல்ல கேள்வி. அது ரெண்டாவது மாதிரி. அதுல ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசுவாங்க. மூணாவது மாதிரின்னு ஒண்ணு இருக்கு. அதுல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுறாங்க, கேக்குறாங்க, ஒருத்தரால ஒருத்தர் மாறவும் செய்றாங்க. ஆனா நம்ம துறைக்கு முதல் மாதிரிக்கு மட்டும்தான் இப்ப அனுமதி வந்திருக்கு. மத்தது ரெண்டும் பரிசீலனையில இருக்கு."

"அதுவரைக்கும் பதில் சொல்லக் கூடாதுங்களா?"

"சொல்லலாம். பின்னூட்டப் படிவத்துல."

பின்னூட்ட எழுத்தர் எழுந்து, வால்வுக்காரர் பெயருக்கு நேரே ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த நாற்காலியில் மோட்டார் அண்ணன் இயக்குநரின் வாயையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பேச்சு அறுந்துபோகும். அப்போதும் தலையை மட்டும் விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடப் பழக்கம்.

இரண்டாவது வாரம் இரைச்சல் அலுவலர் களத்தில் இறங்கினார். மெலிந்த மனிதர், பூனை நடை. துறைக்குள் எங்கெல்லாம் இரைச்சல் இருக்கிறது என்று தேடிப் பிடித்துச் சிவப்பு அட்டை கட்டுவது அவர் வேலை. மின்விசிறிக்குக் கட்டினார். தட்டச்சு இயந்திரத்துக்குக் கட்டினார். மாடிப்படிக்குக் கீழே புகார் சொல்ல வந்த ஒரு பெரியவருக்கும் கட்டப்போனார். அவர் கையை உதறிக்கொண்டு போய்விட்டார். ஒரு நாள் காலை அலுவலர் தெருமுனைக் குழிக்கே வந்துவிட்டார்.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"தட்டினேன் சார். மோட்டார் போடச் சொல்லி."

"தட்டுறது ஒலி. ஆனா சொல் இல்ல. சொல் இல்லாத ஒலிக்கு என்ன பேரு?"

வால்வுக்காரருக்குத் தெரியும். ஆனால் சொல்ல மனம் வரவில்லை.

"இரைச்சல்," என்று இரைச்சல் அலுவலரே சொல்லிவிட்டு, குழிக்குள் இறங்கி இரும்புக் குழாயில் சிவப்பு அட்டையைக் கட்டினார்.

அன்று முதல் மோட்டாரை நிறுத்த வேண்டுமென்றால் மூன்று பிரதிகளாகப் படிவம் எழுத வேண்டும். அனுப்புநர் பெயர், செய்தி, ஊடகம், பெறுநர் பெயர். படிவத்தை எடுத்துக்கொண்டு பம்ப் அறைக்குப் போகிற ஆளும் வால்வுக்காரர்தான். அனுப்புநரும் ஊடகமும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று எழுத்தர் திருப்பி அனுப்பியதால், ஊடகம் என்ற இடத்தில் சைக்கிள் என்று எழுதினார். அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவர் எழுதி, மிதித்து, கையெழுத்து வாங்கித் திரும்பி வருவதற்குள் நான்காவது தெருவில் தொட்டி நிரம்பி வழிந்து, ஒரு வீட்டின் செருப்புகள் எல்லாம் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மூன்று நாள் பார்த்தார். நான்காம் நாளிலிருந்து இரைச்சல் அலுவலர் கண்ணில் படாத நேரமாகப் பார்த்து, சாவியின் முனையில் துணியைச் சுற்றிக்கொண்டு திருட்டுத்தனமாகத் தட்டினார். துணி சுற்றினால் காதுக்குக் கேட்காது. அண்ணன் உள்ளங்கைக்கு அது போதும்.

வீட்டில் தேர்வுக்குத் தயார் செய்தார். மனைவி சமையலறையில் இருந்தாள். இவர் வாசற்படியில் நின்று, சொல்லிக்கொடுத்தபடியே தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அனுப்புநராகிய நான் உனக்கு ஒரு செய்தி..."

"பசிக்குதா? கை கழுவிட்டு வாங்க."

"இரு. நான் இன்னும் செய்தியே சொல்லலயே."

"நீங்க செருப்பக் கழட்டுற வேகத்துலயே தெரியுது. இதுக்கு ஒரு சான்றிதழ் வேற."

"உன்ன மாதிரி ஆளாலதான் துறையே உருப்படாம போச்சு," என்றார் வால்வுக்காரர். ஆனால் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

தேர்வு முடிவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. வால்வுக்காரருக்கு நூற்றுக்கு முப்பத்தொன்று. குறுக்கே பேசுகிறார், கேள்வி கேட்கிறார், பதிலை எதிர்பார்க்கிறார் என்று குறிப்பு. மறுதேர்வு எழுத வேண்டும். அவர் கண் தன் பெயரில் நிற்கவில்லை. மேலே ஏறி மோட்டார் அண்ணன் பெயரைத் தேடியது. கீழே இல்லை, நடுவில் இல்லை. பட்டியலின் உச்சியில் இருந்தது. தொண்ணூற்றெட்டு.

இயக்குநர் வராந்தாவில் எல்லோரும் கேட்கும்படி விளக்கினார். "என் முப்பது வருஷ அனுபவத்துல இப்படி ஒரு பெறுநர நான் பாத்ததே இல்ல. கண்ண எடுக்கல. ஒரு வார்த்த குறுக்க பேசல. நான் சொன்னது எல்லாத்துக்கும் தலையாட்டினாரு. நான் ஒரு இடத்துல தப்பா சொல்லிட்டுத் திருத்தினேன் பாருங்க, அந்தத் தப்புக்கும் தலையாட்டினாரு. ரெண்டு மார்க் ஏன் கொறச்சேன்னா, நூறு எனக்கு."

துறையின் தலைசிறந்த கேட்பாளர் விருது மோட்டார் அண்ணனுக்கு. அதோடு நின்றிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் விருது விழாவுக்கு மேலிடத்திலிருந்து ஒரு அம்மையார் வருகிறார் என்றும், அவர் முன்னால் செயல்விளக்கம் நடத்தப்போகிறோம் என்றும் இயக்குநர் அறிவித்தார். அனுப்புநர், இயக்குநரே. அவர் இரைச்சலற்ற அறைக்குள் நின்று ஒலிபெருக்கியில் மோட்டாரை நிறுத்து என்று சொல்வார். பம்ப் அறையில் ஒரு பெட்டி வழியாக அது ஒலிக்கும். தலைசிறந்த கேட்பாளர் அதைக் கேட்டு மோட்டாரை நிறுத்துவார்.

அன்று மாலை வால்வுக்காரர் பம்ப் அறையில் அண்ணனுக்கு நேர் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இதை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அண்ணன் சுவரில் மாட்டியிருந்த புதுப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுலருந்து சத்தம் வருமா?"

"வரும்ணா."

"போச்சு போ."

"போகாது. நான் மண்டபத்துக்குப் பக்கத்துல இருக்குற குழிக்குள்ள இறங்கி உக்காந்துக்கிறேன். மூடியக் கொஞ்சம் தெறந்து வெச்சா ஒலிபெருக்கி எனக்குக் கேக்கும். அவரு சொன்னதும் ரெண்டு தட்டு தட்டுறேன். நீங்க கைய மட்டும் குழாய விட்டு எடுக்காதீங்க."

"மாட்டிக்கிட்டா உன்னையும் சேத்து அனுப்பிடுவாங்கடா."

"என்னத்தான் எப்படியும் கிடங்குக்கு அனுப்பப்போறாங்களே," என்று சொல்லி வால்வுக்காரர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் இரைச்சலற்ற அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விழா மண்டபத்தின் ஒரு மூலையைத் தடுத்துக் கட்டியிருந்தார்கள். சுவரெல்லாம் பஞ்சு மெத்தை, முன்பக்கம் தடித்த கண்ணாடி. மின்விசிறி இரைச்சல் என்பதால் விசிறி இல்லை. சன்னல் அதைவிடப் பெரிய இரைச்சல் என்பதால் சன்னலும் இல்லை. பழைய இரும்புக் குழாய் மட்டும் அறையின் ஒரு மூலையில் புகுந்து வெளியே போனது. கட்டும்போது குழாய் எந்த வழியாகப் போகிறது என்று வால்வுக்காரரை யாரும் கேட்கவில்லை. கதவு போட்ட தச்சர், உள்பக்கமும் கைப்பிடி வேண்டுமா என்று கேட்டு ஒரு தாள் அனுப்பியிருந்தார். அதில் பெறுநர் பெயர் இல்லை என்று பின்னூட்ட எழுத்தர் திருப்பி அனுப்பிவிட்டார். தச்சர் வெளிப்பக்கம் மட்டும் ஒரு கைப்பிடி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

விழா நாள் காலை பத்து மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மேலிடத்து அம்மையார் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். அந்த மாதத்தில் மட்டும் பதினோரு விழா பார்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது. இயக்குநர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு இரைச்சலற்ற அறைக்குள் போனார். கதவு தானாகவே மூடிக்கொண்டது. வெளியே ஒலிபெருக்கிப் பொத்தானுக்குப் பக்கத்தில் இரைச்சல் அலுவலர் நின்றார். இயக்குநர் வாய் திறப்பதற்கு முன்னால் ஒலிபெருக்கியில் லேசாக ஒரு ரீங்காரம் வந்தது. இரைச்சல் அலுவலர் கடமை தவறாதவர். பொத்தானை அணைத்துவிட்டார்.

இயக்குநர் பேசினார். கண்ணாடி வழியே அவர் வாய் அசைவது தெரிந்தது. ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. எட்டு நிமிடம் பேசினார். நடுவில் நகைச்சுவை ஒன்று சொல்லியிருக்க வேண்டும், தானே சிரித்துக்கொண்டார். கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் சான்றிதழ் வாங்கியவர்கள், குறுக்கே பேசக் கூடாது என்று படித்தவர்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

ஒன்பதாவது நிமிடம் இயக்குநருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கதவருகே போனார். கதவைத் தடவினார். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு மெத்தைதான் இருந்தது. திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டினார், கையை ஆட்டினார், கதவைச் சுட்டிக் காட்டினார், கழுத்தைப் பிடித்துக் காட்டினார், விசிறிக் காட்டினார்.

"உடல்மொழி," என்று இரண்டாவது வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுத்தார்.

"சொல் இல்லாத தொடர்பு. ஆறாவது பாடம்," என்றார் பக்கத்தில் இருந்தவர். பலரும் குறிப்பேட்டைத் திறந்தார்கள். இயக்குநர் இரண்டு கையாலும் கண்ணாடியில் அறைந்தபோது கைதட்டல் எழுந்தது. அவர் அழுகிற நிலைக்கு வந்தபோது அது இன்னும் பலமானது.

வெளியே குழிக்குள் உட்கார்ந்திருந்த வால்வுக்காரருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒலிபெருக்கியில் மூச்சுப் பேச்சில்லை. நடுநடுவே கைதட்டல் மட்டும் கேட்டது. சாவியை ஓங்குவதா வேண்டாமா என்று அவர் தவித்துக்கொண்டிருக்கும்போது, அவர் தொடாமலேயே குழாய் அதிர ஆரம்பித்தது. டண் டண் டண் டண் என்று கணக்கு வழக்கில்லாமல் வந்தது. உள்ளே இயக்குநர் ஒரு காலணியைக் கழற்றி, அடிப்பகுதியால் குழாயை மொத்திக்கொண்டிருந்தார்.

பம்ப் அறையில் மோட்டார் அண்ணனின் உள்ளங்கை குழாயின் மேல் இருந்தது. சாட்சிக்கு நிறுத்தப்பட்டிருந்த பின்னூட்ட எழுத்தர், அண்ணன் முகம் மாறுவதைப் பார்த்தார். அண்ணன் மோட்டார்களை நிறுத்தினார். அலமாரியிலிருந்து பிளாஸ்க்கையும் ஒரு டம்ளரையும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

"எங்க போறீங்க? பெட்டியில இன்னும் செய்தியே வரலயே," என்று பின்னால் இருந்து எழுத்தர் கத்தினார். அண்ணன் திரும்பவில்லை. எழுத்தர் குறிப்பேட்டில் எழுதினார்: பெறுநர் கவனம் சிறிதும் சிதறாமல் சென்றார்.

குழிக்குள்ளிருந்து தலையை நீட்டிய வால்வுக்காரர், அண்ணன் கையில் பிளாஸ்க்கோடு முற்றத்தைக் கடந்து போவதைப் பார்த்தார். காரியம் கெட்டது என்று சாவியைப் போட்டுவிட்டு ஓடினார். அவர் மண்டப வாசலை எட்டியபோது அண்ணன் உள்ளே இருந்தார். சுவரோரமாகப் போகும் குழாயில் கையை வைத்து, யாரையும் பார்க்காமல், அடிமேல் அடி வைத்து நடந்து மூலைக்குப் போனார். கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு திறந்தது. இயக்குநர் வியர்வையில் குளித்து, ஒரு காலில் காலணியும் ஒரு கையில் காலணியுமாக வெளியே விழுந்தார். அண்ணன் அவரைத் தாங்கி நிறுத்தி, டம்ளரில் டீயை ஊற்றிக் கையில் கொடுத்தார்.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. ஒரு சொல்கூட இல்லாமல், பூட்டிய அறைக்குள்ளிருந்து, அரை பர்லாங் தள்ளி இருப்பவரிடம் டீ கேட்டு வாங்கிவிட்டார் என்றால் சும்மாவா. இரைச்சல் அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இயக்குநர் ஒரு வாய் டீ குடித்தார். மூச்சு வந்தது. மூச்சோடு பேச்சும் வந்துவிட்டது. மைக்கைக் கையில் எடுத்தார்.

"எல்லாம் திட்டமிட்டபடிதான். எப்பேர்ப்பட்ட அனுப்புநரா இருந்தாலும் தன்னோட பெறுநர முழுசா நம்பணும். நான் நம்பினேன். இந்த அறையில இருக்குற யாரையும்விட நான் அவரத்தான் நம்பினேன். ஏன்னா மத்தவங்க எல்லாருக்கும் நான்தான் பயிற்சி குடுத்திருக்கேன்."

மேலிடத்து அம்மையார் எழுந்தார். இயக்குநர் காலணியோடு கைகுலுக்கத் தயாரானார். அம்மையார் அவரைத் தாண்டிப் போய் மோட்டார் அண்ணனுக்கு நேர் எதிரே நின்றார்.

"இவரு உள்ள மாட்டிக்கிட்டிருக்காருன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அது நம்ம முதல் மாதிரிப்படி..." என்று இயக்குநர் ஆரம்பித்தார்.

"நான் இவரக் கேட்டேன்," என்றார் அம்மையார். கேட்டுவிட்டு நின்றார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பவில்லை.

வாசலில் நின்ற வால்வுக்காரர், சொல்லாதீங்க என்று தலையை ஆட்டினார், கையை ஆட்டினார், வாயில் விரலை வைத்துக் காட்டினார். அண்ணன் அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு அம்மையார் பக்கம் திரும்பினார்.

"எனக்குக் காது கேக்காதுங்கம்மா. பத்தொம்பது வருஷமாச்சு. கையாலதான் கேப்பேன். எங்க ஆளு தட்டுனா எனக்குத் தெரியும், அளந்து தட்டுவாரு. இன்னைக்குத் தட்டுன கை வேற. தட்டத் தெரியாதவங்க இந்தத் தட்டு தட்டுறாங்கன்னா, ஏதோ கஷ்டத்துல இருக்காங்கன்னு அர்த்தம். அதான் வந்தேன். டீ, எதுக்கும் இருக்கட்டும்னு எடுத்துட்டு வந்தேன்."

வால்வுக்காரர் ஆட்டிய கையைக் கீழே போட்டார். பதினான்கு மாதம் கண்ணெதிரே கரைந்துபோனது போல இருந்தது.

அம்மையார் மேசையிலிருந்த மதிப்பெண் பட்டியலை எடுத்தார். "இவருக்குத் தொண்ணூத்தெட்டு போட்டது யாரு?"

"அதுக்கு ஒரு குழு இருக்குங்கம்மா."

"குழுவுல யார் யாரு?"

இயக்குநர் காலணியைக் கீழே வைத்தார். "நான்."

அம்மையார் சிரித்துவிட்டார். பதினோரு விழாவில் வராத சிரிப்பு. "மார்க் சரியாத்தான் போட்டிருக்கீங்க. இவரு அங்கேயே இருக்கட்டும், எவ்வளவு நாள் இருக்கோ அவ்வளவு நாளும்," என்று சொல்லி, விருதை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இயக்குநர் இரண்டு நாள் விடுப்பில் போனார். மூன்றாம் நாள் புதிய சுற்றறிக்கை வந்தது. கேட்பதில் காதின் பங்கு இதுவரை அளவுக்கு மீறி மதிப்பிடப்பட்டு வந்துள்ளது. ஆகவே ஊழியர்கள் அனைவரும் பணி நேரத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும். பஞ்சு பண்டக அறையில் வழங்கப்படும். முன்மாதிரியாக இயக்குநரே முதலில் வைத்துக்கொண்டார். அவரிடம் அதனால் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. இரைச்சல் அலுவலர் குழிக்குள் இறங்கிச் சிவப்பு அட்டையை அவிழ்த்துவிட்டு, ஊடகம் என்று எழுதிய பச்சை அட்டையைக் கட்டினார். வால்வுக்காரர் மறுதேர்விலும் தேறவில்லை. காது நன்றாகக் கேட்பதால் கூடுதல் பயிற்சி தேவை என்று எழுதியிருந்தார்கள். ஆனால் கிடங்குக்கு அனுப்பும் உத்தரவில் யார் பெறுநர் என்று குறிப்பிட மறந்துவிட்டதால் அது யாரையும் போய்ச் சேரவில்லை.

சுற்றறிக்கை வந்த மறுநாள் காலை வால்வுக்காரர் குழிக்குப் போகாமல் நேராகப் பம்ப் அறைக்குப் போனார். மூன்று நாளாக நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட வேண்டும். ஸ்டூலை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏண்ணா சொன்னீங்க? நான் தலையத் தலைய ஆட்டுனேனே, பாக்கலயா?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

அண்ணன் குழாயைத் தடவிக்கொண்டே யோசித்தார். "அந்தம்மா கேட்டாங்கடா. கேட்டுட்டு நின்னாங்க. பத்தொம்பது வருஷத்துல ஒருத்தர் என்கிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் பதிலுக்கு நின்னது அதுதான் மொத தடவ. பொய் சொல்ல வாய் வரல."

வால்வுக்காரருக்குச் சுருக்கென்றது. "ஏன், நான் இல்லையா? தெனம் உங்ககூடதானே பேசிட்டிருக்கேன்?"

"நீ எனக்காக எவ்வளவோ பண்ணியிருக்கடா. இல்லைங்கல," என்றார் அண்ணன். "ஆனா போடு, நிறுத்து, டீ. இந்த மூணுதானே நாம பேசுனது."

வால்வுக்காரர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். சொல்வதற்கு இருந்த எல்லாமே அந்த மூன்றுக்குள் அடங்கிவிட்டது என்று இத்தனை வருடம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவர். அந்த ஆறு பெட்டிகளைப் பார்த்து மாதம் பூராவும் சிரித்தவர். வெட்கமாக இருந்தது. சாவியை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். ஸ்டூலை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, அண்ணனுக்கு உதடு நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்தார்.

"அண்ணா, காது போனப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

அண்ணன் பேசுவதற்காக முதல் தடவையாகக் குழாயிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்றார்.

அன்று ஒன்பது தெருக்களுக்கும் தண்ணீர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. நாற்பத்து மூன்று பேர் புகார் கொடுக்க வந்தார்கள். மாடிப்படிக்குக் கீழே இருந்த பெண்மணி காதிலிருந்து பஞ்சை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, ஒவ்வொருவராக உட்காரச் சொன்னார். உட்கார இடமில்லாததால் தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுத் தான் நின்றுகொண்டார்.